அண்ணாந்து பார்த்த காஞ்சி

காஞ்சிபுரத்தில் இருக்கும் என் மாமாவுக்கு ஒரு விநோதப் பழக்கம். கோயிலுக்குள் நுழைந்ததும் சாமியைத் தேடமாட்டார். தூணின் தலையைத் தேடுவார். 30 வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். மழைக்காக அல்ல, எதையாவது சுட்டிக்காட்டுவதற்கு. போன மார்கழியில், "ஊரைச் சுத்திக் காட்டுங்க மாமா" என்று நான் போய் நின்றபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கோபுரத்தைப் பார்த்து வாயைப் பிளக்கக் கூடாது. போதிகையைப் பாரு. கோபுரம் யார் காசு போட்டான்னு சொல்லும். எப்போ கட்டினாங்கன்னு போதிகைதான் சொல்லும்."

தூணின் உச்சிக்கும் அதன்மேல் கிடக்கும் உத்தரத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் ஒரு கட்டை இருக்குமே, அதுதான் போதிகை. உத்தரத்தின் பாரத்தைக் கொஞ்சம் அகலமாக வாங்கித் தூணில் இறக்குவது அதன் வேலை. தூணைப் படம் எடுப்பவர்கள்கூட அந்த இடத்துக்கு வருவதற்குள் கேமராவைத் தாழ்த்திவிடுவார்கள். ஆனால் தென்னாட்டுக் கோயில்களின் காலத்தைக் கணிக்கிறவர்களுக்கு அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் 1914 இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் செய்தார். கல்வெட்டே இல்லாத கோயிலானாலும் கூடு, கோஷ்டம், போதிகை ஆகியவற்றின் வடிவம் மாறிவந்த வரிசையை வைத்து இன்ன காலம் என்று சொல்லலாம் என்றார். மாமாவிடம் அந்த நூலின் ஆங்கிலச் சுருக்கம் ஒன்று, அட்டை போய், நூல்கண்டு சுற்றிக் கிடக்கிறது.

காலை ஆறரைக்குப் பிள்ளையார்பாளையம் வழியாக நடந்தோம். தெருவில் தறிச் சத்தம் தொடங்கியிருந்தது. வீடுகள் குறைந்து, வெளி விரியும் இடத்தில் கைலாசநாதர் கோயில். பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன், அதாவது ராஜசிம்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் காலத்ததுதான்.

முதலில் கண்ணில் படுவது கோபுரம் இல்லை என்பதுதான். இங்கே வாசல் குள்ளம். உள்ளே இருக்கும் விமானம்தான் உயரம். மதிலுக்கு வெளியே வரிசையாகச் சின்னச் சின்னக் கோயில்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை ராஜசிம்மனின் மனைவி ரங்கபதாகை கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும் இன்னொரு கோயில் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் கட்டியது. அப்பா, அம்மா, பிள்ளை என்று குடும்பமே சேர்ந்து கட்டிய கோயில். ஆனாலும் அப்பாவின் விமானத்துக்குமேல் யாரும் தலை தூக்கவில்லை.

உள்ளே போனால் திருச்சுற்று முழுக்கச் சிறு கோயில்கள், மொத்தம் 58 என்று எண்ணியிருக்கிறார்கள். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்கால்களில் எழும்பி நிற்கும் சிங்கங்கள். இந்த நிமிர்ந்த சிங்கம் ராஜசிம்மனின் கையெழுத்து. அவன் தன் பட்டப்பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. ரணஜயன், சிவசூடாமணி, ஆகமப்பிரியன் என்று 200க்கும் மேற்பட்ட பட்டங்கள், ஒரே பட்டமே வெவ்வேறு எழுத்து வடிவங்களில், சுற்றிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஆசாமி எழுத்தாளனாக இருந்திருந்தால் அட்டையின் பின்பக்கம் போதாமல் திணறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா குடையை உயர்த்தினார். "பாரு. அலை."

முன்மண்டபத் தூணின் போதிகையில், கடலோரத்து மணலில் அலை விட்டுப்போகும் வரிகளைப்போல உருளை உருளையாகச் செதுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு பட்டை, சுருட்டி வைத்த பாயைக் கயிறால் கட்டினாற்போல. இதற்குத் தரங்கப் போதிகை என்று பெயர். தரங்கம் என்றால் அலை. பல்லவர் கட்டடத்தின் அடையாளம் இது. போதிகையின் வளைவு மெதுவாக மேலே எழுந்து உத்தரத்தைத் தொடுகிறது. பாரம் தாங்குகிற பாவனையே இல்லை.

கல்லைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் மாவு மாதிரி ஒட்டியது. மணற்கல். பல்லவர்கள் இங்கே அடித்தளத்தின் கீழ்வரியிலும் மேல்வரியிலும் மட்டும் கருங்கல்லை வைத்துவிட்டு மற்றதெல்லாம் மணற்கல்லில் எழுப்பினார்கள். உளிக்கு இணங்கும் கல் என்பதால் இத்தனை சிற்பம் சாத்தியமாயிற்று. அதே காரணத்தால் மழையும் காற்றும் அதைத் தின்றன. தின்ற இடத்திலெல்லாம் பின்னால் வந்தவர்கள் சுதை பூசினார்கள். அதனால் சில சிங்கங்களுக்கு இப்போது வேறொரு நூற்றாண்டின் முகம் இருக்கிறது. பழுது பார்ப்பது நல்ல காரியம்தான். ஆனால் பாதி அரிந்த பழைய மூக்கைப் பார்ப்பதில் இருக்கும் நிம்மதி, முழுசாக ஒட்டவைத்த புது மூக்கில் எனக்குக் கிடைப்பதில்லை.

கல் என்பதே அப்போது புதுமை. ராஜசிம்மனுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரை எடுத்து, செங்கல்லும் மரமும் உலோகமும் சாந்தும் இல்லாமல் செய்தேன் என்று அங்கே எழுதிவைத்தான். பெருமைப்படும் அளவுக்கு அது அபூர்வமாக இருந்திருக்கிறது. கைலாசநாதர் கோயிலையே பிற்காலச் சோழர் கல்வெட்டு 'பெரிய திருக்கற்றளி' என்றுதான் குறிக்கிறது. கல்லால் ஆன தளி, கற்றளி. மக்கள் மனதில் நின்றது அதன் கல்தான்.

"அப்போ அதுக்கு முன்னாடி காஞ்சியில் இருந்த கோயிலெல்லாம்?"

"மரம், செங்கல். எல்லாம் போச்சு. ஆனா தச்சன் போகலை" என்றார் மாமா. "கல்லுக்குப் போதிகை எதுக்குடா? மரத்துக்குத்தான் அது வேணும். உளியைப் பிடிச்ச கை மரத்தை மறக்கலை, அவ்வளவுதான்."

இதை அவர் ரொம்ப அலட்சியமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்கிறார். இழுவிசைக்கு ஒடியும் கல் உத்தரத்தின் தாவும் தூரத்தைக் குறைக்கப் போதிகை கல்லுக்கும் உதவத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தச் சொல் நாள் முழுக்க என் கூடவே வந்தது.

கருவறையில் 16 பட்டை லிங்கம். சுற்றிவர ஒரு சந்து இருக்கிறது. உள்ளே நுழையத் தவழ வேண்டும், வெளியே வரவும் தவழ வேண்டும். மறுபிறவி இல்லை என்று அர்ச்சகர் சொன்னார். என் வயிற்றுக்கு அந்தத் துளை ஒத்துழைக்காது என்று தெரிந்ததும் ஒரு பிறவி கூடுதலாக எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒருவர் போகிற பாதை அது. ஊர் திரண்டு வருவதற்கென்று எழுந்த கோயில் அல்ல இது. அரசன், அவன் குடும்பம், அவன் கடவுள். வெளியே வந்ததும் மாமா இன்னொன்றைக் காட்டினார். முன்மண்டபமும் விமானமும் ஆதியில் தனித்தனியாக நின்றவை. நடுவிலிருந்த வெளியைப் பின்னால் யாரோ ஒரு மண்டபம் போட்டு மூடிச் சேர்த்துவிட்டார்கள். கூட்டம் வரத் தொடங்கியதன் முதல் தழும்பு என்று எனக்குப் பட்டது.

சுற்றுக் கோயில்களின் உள்சுவரில் அங்கங்கே சுண்ணாம்புப் பூச்சும் அதன்மேல் நிறமும் மிச்சமிருக்கின்றன. 1931 இல் இந்த ஓவியங்களை வெளி உலகுக்குக் காட்டியவரும் அதே துப்ரேய்தான். ஒரு கண், ஒரு தோள், ஒரு குழந்தையின் கால். இந்தக் கோயில் முழுக்க ஒருகாலத்தில் நிறம் பூசியிருந்தது என்று நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். நமக்குப் பழமை என்றால் மண்நிறம்.

கைலாசநாதரின் அழகுக்கு எதிரியே சாட்சி. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது இந்தக் கோயிலின் செல்வத்தை எடுக்காமல் திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடக் கல்வெட்டு ஒன்று இங்கேயே இருக்கிறது. அவன் மூன்று முறை காஞ்சியை வென்றதற்கு நினைவாக அவன் அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலை எழுப்பினாள். அதைப் பார்த்தவர்களுக்குக் கைலாசநாதரின் ஞாபகம் வராமல் போகாது. எல்லோராவில் மலையைக் குடைந்த கைலாசமும் அதே வம்சாவளியில் வருவது. படையெடுத்து வந்தவன் பொன்னை விட்டுவிட்டு வடிவத்தைக் கொண்டுபோயிருக்கிறான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு ஆட்டோவில் போனோம். பரமேச்சுர விண்ணகரம் என்று திருமங்கையாழ்வார் பாடிய தலம். ராஜசிம்மனுக்கு அடுத்த சில பத்தாண்டுகளில் இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. கைலாசநாதரில் தனித்தனியாக இருந்த சிறு கோயில்கள் இங்கே ஒரே நீண்ட திருச்சுற்று மாளிகையாக மாறிவிட்டன. சிங்கம் தாங்கும் தூண்கள் வரிசையாக ஓடுகின்றன. விமானமும் புத்திசாலித்தனமான வேலை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள். கீழே பெருமாள் அமர்ந்திருக்கிறார், அதற்கு மேல் கிடக்கிறார், அதற்கும் மேல் நிற்கிறார். சுவருக்குள் சுவர் வைத்து நடுவில் சுற்றுப்பாதை விட்டிருப்பதால்தான் மேல் மாடிகளின் கனத்தை அது தாங்குகிறது.

ஆனால் நான் நெடுநேரம் நின்றது சுவர்ச் சிற்பங்களின் முன்னால். வாரிசில்லாமல் அரியணை காலியானதும், ஊரார் போய்க் கேட்க, ஹிரண்யவர்மனின் பிள்ளைகளில் 12 வயதுப் பல்லவமல்லன் நான் வருகிறேன் என்கிறான். காடும் மலையும் ஆறும் கடந்து காஞ்சிக்கு வருகிறான். முடிசூடுகிறான். ஒரு சின்னப் பையன் ராஜாவான கதை கட்டம் கட்டமாக, சித்திரக்கதைபோல் கல்லில் போகிறது. அவன்தான் நந்திவர்மன். பரம்பரைப்படி நேரே வராதவனுக்குத் தன் வரலாற்றை எழுதிவைக்கும் அவசரம் அதிகம் இருக்கும்போலும். இந்தச் சிற்பங்களை வரிசைப்படுத்திப் படித்தவர் சி. மீனாட்சி. அவர் நூல் 1941 இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்தது. மணற்கல் இங்கேயும் உதிர்கிறது. மீனாட்சி பார்த்த முகங்களில் எத்தனை இன்று மிச்சமோ.

"போதிகையைப் பார்த்தியா?" என்றார் மாமா. மறந்துவிட்டேன். அலைதான். அதே அலை.

மதியம் 12 மணிக்கு ஊர் முழுக்க நடை சாத்திவிட்டார்கள். வெளியூர்க்காரன் ஒவ்வொரு முறையும் மறக்கிற பாடம் இது. ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். சுக்கும் மிளகும் சீரகமும் போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைக்கிற கோயில் இட்லிக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

சோழர்கள் காஞ்சியில் பெரிதாக ஒன்றைக் காட்டுவதற்கு வைத்துவிட்டுப் போகவில்லை. தஞ்சைக்குப் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்போல. ஆனாலும் சுரஹரேசுவரர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. சுரத்தைப் போக்கும் ஈசுவரர். நடை திறக்காததால் வெளியிலிருந்துதான் பார்த்தோம். சதுரமான கோயில்களையே பார்த்து வந்த கண்ணுக்கு அது ஆச்சரியம்: மூலையே இல்லாத கருவறை, சுவர் வளைந்து சுற்றிப் போகிறது. இப்போது கல் கருங்கல். உளி வேலை குறைந்திருக்கிறது, கோடு கூர்மையாகியிருக்கிறது. மணற்கல்லில் குழைந்தவன் இங்கே கணக்குப் பார்க்கிறான்.

சோழர் காலத்தில் போதிகையின் அலை போய்விடுகிறது. முனையைச் சாய்வாக ஒரே வெட்டு வெட்டிவிடுகிறார்கள், வெட்டுப்போதிகை. போகப்போக அந்தச் சாய்வின் நடுவில் ஒரு துண்டு நாக்குபோல் நீள்கிறது. "இந்த நாக்கைப் பார்த்து வெச்சுக்கோ. சாயங்காலம் இது என்ன ஆகுதுன்னு காட்டறேன்" என்றார் மாமா. தொடர்கதை எழுதுகிறவர்போல அங்கேயே நிறுத்திவிட்டார்.

வேகவதியைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் போய்வந்தோம். பழைய சமணக் காஞ்சி இதுதான். வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387 இல் கட்டியவர் விஜயநகரத் தளபதி இருகப்பர். குருவின் பெயர் புஷ்பசேனர். ஓரிரண்டு வருடத்துக்கு முன் இதே இருகப்பர் ஹம்பியிலும் ஒரு சமணக் கோயில் எடுத்தார். மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் பிற்கால ஓவியங்களாக ஓடுகின்றன. சிவப்பும் மஞ்சளும் இன்னும் சூடாக இருக்கின்றன. படுத்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஓவியம். படுக்க மாமா அனுமதிக்கவில்லை. கோயிலுக்குள் ஒரு குரா மரம் இருக்கிறது, அதனடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. காஞ்சியில் நெரிசல் இல்லாத தெய்வங்களும் இருக்கிறார்கள்.

சாயங்காலம் ஏகாம்பரநாதர். நிபந்தனையை மீறி வாயைப் பிளந்துவிட்டேன். கிருஷ்ணதேவராயர் 1509 இல் எழுப்பிய ராஜகோபுரம், சந்நிதித் தெருவின் வானத்தையே பாதி எடுத்துக்கொள்கிறது. கீழ்ப்பகுதி கருங்கல், அதற்கு மேல் செங்கல்லும் சுதையும். முழுக்கக் கல்லாக வைத்திருந்தால் இந்த உயரத்தின் கனத்தை வாசல் தாங்கியிருக்காது. வேடிக்கை என்னவென்றால், சாமி கிழக்கு பார்க்கிறார், கோபுரம் தெற்கே நிற்கிறது. சாமியின் பார்வையை மதித்து எழுந்த கோபுரமில்லை இது. தெருவைப் பார்த்து எழுந்தது. உள்ளே போனால் விமானம் எங்கே என்று தேட வேண்டும். கூரைகளுக்கும் பிராகாரங்களுக்கும் நடுவே அது ஒளிந்துகொள்கிறது.

காலையில் கைலாசநாதரில் பார்த்ததன் தலைகீழ் இது. அங்கே விமானம் மலை, வாசல் குட்டை. இங்கே வாசல் மலை, விமானம் குட்டை. 800 வருடத்தில் உயரம் உள்ளேயிருந்து வெளியே நடந்து வந்திருக்கிறது. மாமாவுக்கு இது சரிவு. "சாமியை விட்டுட்டு வாசப்படிக்கு நகை போட்டாங்க" என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடல் பெற்ற கருவறை புனிதமாகிவிட்ட பிறகு, அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்ட நினைக்கிற அரசன் எங்கே கட்டுவான்? சுற்றிலும்தான். தவிர, இப்போது வருவது ஒரு குடும்பம் அல்ல, ஊர். தேர் வேண்டும், தெப்பம் வேண்டும், உற்சவர் இறங்கி உட்கார மண்டபம் வேண்டும். வயலில் ஏர் பிடிக்கிறவன் அரைக்காத தூரத்திலிருந்தே கும்பிட ஏதாவது வேண்டும். பட்டுப்புடவையில் இந்த ஊர் நெசவாளிகள் போடும் கோபுரக் கரைக்கும் பெயர் கொடுத்தது வாசல்தான், விமானமல்ல.

கடைசியாகச் சின்னக் காஞ்சிபுரத்துக்கு, வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் சாய்ந்துவிட்டது. 2019 இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளியிருந்த 48 நாளும் நாடே வந்து போன வளாகம். அந்தக் கூட்டத்தைக் கைலாசநாதரின் தவழும் துளைக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அனந்தசரஸ் குளத்துக்குப் பக்கத்தில் நூற்றுக்கால் மண்டபம். பெயரில்தான் நூறு; எண்ணினால் 96. தூணெல்லாம் குதிரை வீரர்கள்; குதிரைகள் முன்கால் தூக்கிப் பாய்கின்றன. காலையில் பார்த்த ராஜசிம்மனின் சிங்கம் எழுந்து நின்ற அதே நிலையில் இப்போது குதிரை எழுந்து நிற்கிறது, முதுகில் ஆளோடு. கூரையின் மூலையில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. கல்லைக் கல் என்று மறக்கவைக்கும் இந்த வித்தையைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். எனக்கும் தட்டத் தோன்றியது, தட்டவில்லை. சங்கிலி என்ன சுமக்கிறது என்று ஒரு கேள்வி வந்து தடுத்தது.

மாமா குடையை நீட்டினார். வெட்டுப்போதிகையின் அந்த நாக்கு இங்கே வளைந்து, கீழே தொங்கி, நுனியில் தாமரை மொட்டாகிவிட்டது. பூமொட்டுப் போதிகை. ஒரு தூணுக்கு எத்தனை பக்கம் உண்டோ அத்தனை பக்கமும் மொட்டு. "இதுக்குப் பிறகு நாயக்கர் காலத்தில் இன்னும் நீண்டு வாழைப்பூ மாதிரி ஆயிடும். அலை, வெட்டு, மொட்டு. அவ்வளவுதான் காஞ்சி" என்றார். சொல்லிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் வலித்தது. காலையிலிருந்து பத்து மணி நேரம் அண்ணாந்திருக்கிறோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது தெரு விளக்கு போட்டுவிட்டார்கள். மாமாவின் வீடு அவர் தாத்தா காலத்து ஓட்டு வீடு. திண்ணையில் செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் நிமிர்ந்து பார்த்தேன். திண்ணையில் இரண்டு மரத்தூண்கள். சின்ன வயதிலிருந்து அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அதில் சுற்றி விளையாடியிருக்கிறேன். அதன் தலையில் ஒரு போதிகை, கரிபடிந்து, இரண்டு பக்கமும் வாழைப்பூ தொங்க. ஒரு பக்கத்துப் பூ பாதியில் ஒடிந்திருந்தது. அந்த இடத்தில் ஆணி அடித்துத் துணிக்கொடியின் ஒரு முனையைக் கட்டியிருந்தார்கள்.

"மாமா, இதை ஏன் காலையிலேயே காட்டலை?"

"எது?" என்று கேட்டுக்கொண்டே கதவின் நாதாங்கியை விலக்கினார். நான் காட்டிய பக்கம் நிமிர்ந்தார். "அதுவா. அத்தை துணி காயப்போட ஆணி அடிச்சப்போ ஒடிஞ்சது. செஞ்சு தர ஒரு ஆசாரியைத் தேடிட்டுத்தான் இருக்கேன். எல்லாரும் சிமெண்ட்டுல போட்டுத் தரேங்கறான்."